மாட்டியதுபோல் தெரிந்தால் போதாது

எங்கள் தொழிலில் நான்கு வார்த்தைகள் உண்டு. 'அபாயம்' என்று போட்டால் ஆள் செத்தே போவான் என்று அர்த்தம். 'எச்சரிக்கை' என்றால் சாகலாம். 'கவனம்' என்றால் சிராய்ப்போடு தப்பிக்கலாம். 'குறிப்பு' என்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி. இயந்திரங்களோடு பெட்டியில் வரும் கையேட்டை எழுதுகிறவளுக்கு வேலை முழுக்க இந்த நான்கில்தான் இருக்கிறது. எங்கே எதைப் போடுவது என்பது அன்றைக்கு எங்களுக்கு இருக்கும் மனநிலையைப் பொறுத்தது என்று கம்பெனியில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். விற்பனைப் பிரிவில் முழுப் பேரும்.

கையேட்டை யார் படிக்கிறார்கள் என்று கேட்பார்கள். என் சொந்த அண்ணன், "லோர்னா, உன் புஸ்தகம் ரொம்ப உபயோகமா இருக்கு, கராஜ் மேஜை ஆடாம நிக்குது" என்று முகத்துக்கு நேரே சொன்னான். நானும் சிரித்தேன். ஆனால் இயந்திரம் பாதியில் நின்று, உதவிக்கு ஆளில்லாமல், பயந்துபோய் பக்கத்தைப் புரட்டும் ஒருத்தி எங்கேயாவது இருப்பாள் என்று எனக்குத் தெரியும். நான் எழுதியது எல்லாம் அவளுக்காகத்தான். இதைப் புரிந்துகொண்ட இன்னொரு பிறவி அந்தக் கட்டடத்தில் இருந்தது என்றால் அது பெர்னி.

பெர்னடீன் ப்ருசாக். எல்லோருக்கும் பெர்னி. கையேட்டுப் பிரிவு என்றால் அவளும் நானும்தான், மூன்றாவது ஆள் கிடையாது. சரக்கு கட்டும் கூடத்துக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. ஒரே காப்பி மெஷின், அதையும் அவள்தான் கழுவுவாள், நான் சோம்பேறி. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அவளும் அவள் புருஷன் ஜெரியும் நானும் ஏரிக்கரை மதுக்கடையில் மீன் வறுவல் சாப்பிடுவோம். என் புருஷன் என்னை விட்டுப் போன அந்தக் குளிர்காலத்தில் என் வீட்டு வாசல் பனியைத் தள்ளியது யார் என்று கேளுங்கள். பெர்னி. ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை, மண்வெட்டியோடு வந்து தள்ளிவிட்டுப் போனாள். அப்படிப்பட்டவளை யார்தான் சந்தேகப்படுவார்கள்?

எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கையேடு அச்சுக்குப் போகும் முன் ஒருத்தி வாய்விட்டுப் படிக்க வேண்டும், மற்றவள் அதில் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். தெரிந்ததைச் செய்யக் கூடாது, ஊகிக்கக் கூடாது. முட்டாளைப்போல் நின்று, எழுதியிருப்பது எதுவோ அதைச் செய்ய வேண்டும். "நீ முட்டாளா இருக்கியா, நான் இருக்கட்டுமா?" என்றுதான் பெர்னி ஆரம்பிப்பாள்.

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் கையில் இருந்தது ஒரு லிஃப்ட். மாடிக்குப் போகிற லிஃப்ட் இல்லை. நடக்க முடியாத நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைக்கிற இயந்திரம். துணித் தூளியில் ஆளைப் படுக்கவைத்து, தூளியின் வளையங்களை மேலே இருக்கும் கொக்கிகளில் மாட்டி, பொத்தானை அழுத்தினால் தூக்கும். வீடுகளில், முதியோர் இல்லங்களில் வைத்துக்கொள்ளலாம். ஜெரிக்கு வசந்தகாலத்தில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டதால், விற்பனைக்கு வரும் முன்பே கம்பெனி அவன் வீட்டுக்கு ஒன்றைக் கொடுத்திருந்தது. பெர்னிக்கு அதில் நல்ல பழக்கம். அதனால், "இன்னைக்கு நான்தான் முட்டாள், நானே தூளியில படுக்கறேன்" என்றாள்.

நான் படித்தேன். சோதனைக்கூடத்துப் பையன்கள் இருவர் நான் படித்தபடி மாட்டினார்கள். வளையம் கொக்கிக்குள் போய்விட்டது, எல்லோரும் பார்த்தோம். தூக்கினார்கள். மேலே போனதும் பெர்னி என்னைப் பார்த்து ஏதோ கிண்டல் சொல்ல லேசாகத் திரும்பினாள். ஒரு வளையம் கழன்றது. அவள் தலைகீழாகச் சரிந்து தோளில் விழுந்தாள். கீழே மெத்தை போட்டிருந்ததால் பிழைத்தாள்.

அப்புறம் குனிந்து பார்த்தால்தான் தெரிந்தது. கொக்கியின் வாயில் ஒரு சின்ன உதடு இருக்கிறது. வளையம் அந்த உதட்டின் மேல் உட்கார்ந்தாலே உள்ளே மாட்டியதுபோல் தோன்றும். கையால் கீழே ஒரு இழு இழுத்தால் ஒன்று சரியாக உட்காரும், இல்லை கழன்று கையோடு வந்துவிடும். இழுக்காமல் விட்டால் ஆளோடு கழலும்.

தோளுக்கு ஐஸ் பையை வைத்துக்கொண்டே பெர்னி என் பக்கத்தில் உட்கார, இருவருமாக அந்த வாக்கியத்தை எழுதினோம். பாதி அவளுடையது, பாதி என்னுடையது.

'எச்சரிக்கை: வளையம் மாட்டியதுபோல் தெரிந்தால் போதாது. ஒவ்வொரு வளையத்தையும் கையால் கீழே இழுத்துப் பாருங்கள். கழன்றால் ஆள் விழுந்து இறக்கக்கூடும்.'

"இதைவிட சின்னதா சொல்ல முடியாதுடி" என்றாள். முடியாதுதான். எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் பெருமை. கர்வம் என்றே சொல்லலாம்.

விற்பனை மேலாளர் டேல் க்ரூகருக்கு அது பிடிக்கவில்லை. டேல் கெட்டவன் இல்லை, அதுதான் தொல்லையே. பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் கேக் வாங்கி வருகிறவன். கூட்டத்தில் தாளைத் தட்டிக்கொண்டே, "லோர்னா, நீங்க கையேடு எழுதறீங்களா, பேய்க்கதை எழுதறீங்களா?" என்றான்.

"பேய் உன் கொக்கியில இருக்கு, டேல். அதை ஓட்டு, நான் பக்கத்தைக் கிழிச்சுடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள், டேலும் சிரித்தான். பிறகு விஷயத்துக்கு வந்தான். முதியோர் இல்லங்களில் வாங்குகிறவர்கள் முதல் பக்கங்களைப் பார்ப்பார்கள். முக்கியமான கொக்கிக்கே எச்சரிக்கை என்றால், கொக்கியையே ஏன் மாற்றவில்லை என்று கேட்பார்கள். மாற்றினால் வசந்தம் வரை ஒரு லிஃப்டும் வெளியே போகாது. "அதனால வார்த்தையை மட்டும் கொஞ்சம் இறக்குவோமே. விஷயம் இருக்கட்டும், குரலைத் தாழ்த்துங்க, அவ்வளவுதான்."

"குரலைத் தாழ்த்தினா விஷயம் போயிடும்" என்றேன். "நானும் பெர்னியும் கையெழுத்துப் போடாம அது அச்சுக்குப் போகாது. பெர்னி விழுந்திருக்கா. அவகிட்டயே கேளு."

பெர்னி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "லோர்னா சொல்றது சரிதான்" என்றாள். கொஞ்சம் தாமதமாகச் சொன்னாள். தோள் வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

மூலையில் உட்கார்ந்திருந்த ஹோலிஸ் வென்ட், தரக்கட்டுப்பாட்டுத் தலைவர், பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். சரக்கை வாசலில் நிறுத்தும் அதிகாரம் அந்தக் கம்பெனியில் அவர் ஒருவருக்குத்தான். "எழுதினவங்க ரெண்டு பேரும் ஒரே பேச்சா இருக்கற வரைக்கும் அது எச்சரிக்கைதான்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். ஜெயித்துவிட்டோம் என்று பெர்னியின் முதுகில் தட்டினேன், வலிக்கிற தோள் என்பதையும் மறந்து.

அடுத்த வாரம் மான் வேட்டைப் பருவம். விஸ்கான்சினில் அந்த வாரம் பாதி அலுவலகங்களில் ஆள் இருக்காது, யாரும் கேட்கவும் மாட்டார்கள். நான் வருஷாவருஷம் போவதுபோல் அண்ணன்களோடு வடக்கே எங்கள் குடிலுக்குப் போனேன். அங்கே ஃபோனில் சிக்னல் கிடைக்காது. யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் நெடுஞ்சாலை வரை வண்டி ஓட்டிப் போக வேண்டும். அது பெர்னிக்கு நன்றாகத் தெரியும், இரண்டு முறை எங்களோடு வந்து குளிரில் நடுங்கி, "இனி கூப்பிட்டா கொன்னுடுவேன்" என்று சொன்னவள். அந்த வருஷம் எனக்கு ஒரு நல்ல மான் விழுந்தது. திரும்பும்போது அதன் இறைச்சியில் செய்த சாஸேஜை பெர்னிக்கும் ஜெரிக்கும் என்று தனியாகக் கட்டிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை அறையில் பெர்னி இல்லை. புதிதாக வீட்டு உதவிக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள், அவளுக்கு வேலை காட்ட மதியம் வரை வீட்டிலிருப்பதாகச் செய்தி வைத்திருந்தாள். நான் கூடத்துப் பக்கம் போனேன். லிஃப்டுகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். புதுக் கையேட்டின் மை வாசனை எனக்கு எப்போதும் பிடிக்கும், ஒன்றை எடுத்துப் புரட்டினேன்.

எச்சரிக்கை இல்லை. அந்தப் பக்கத்தில் சிரித்த முகத்தோடு ஒரு கிழவரின் படம். கடைசிப் பக்கங்களில், துணியைத் துவைப்பது எப்படி என்பதற்குக் கீழே, பொடி எழுத்தில் கிடந்தது. 'குறிப்பு: வசதியான பயன்பாட்டுக்கு, வளையங்கள் பொருத்தமாக அமைந்துள்ளனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.'

வசதியான பயன்பாட்டுக்கு! நேராக டேலின் அறைக்குப் போய் அந்தக் கையேட்டை அவன் கேக் துண்டின் மேலேயே போட்டேன்.

"நான் ஊர்ல இல்லாத நேரம் பார்த்து இந்தத் திருட்டு வேலை பண்ண வெக்கமா இல்ல?"

அவன் நிஜமாகவே முழித்தான். "என்ன திருட்டு? நீங்க ஒத்துக்கிட்டதாலதானே மாத்தினோம்."

"நானா?"

"பெர்னி உங்ககிட்ட ஃபோன்ல பேசினாங்களாமே. 'லோர்னாவுக்கும் சம்மதம், ரெண்டு பேர் சார்பாவும் நான் கையெழுத்துப் போடறேன்'னு சொன்னாங்க. ஹோலிஸ்கிட்டயும் அவங்களேதான் சொன்னாங்க. புது வாக்கியத்தை எழுதினதும் அவங்கதான்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பேசலையா?" என்றான்.

நான் வெளியே நடந்தேன். டேல் பொய் சொல்கிறான் என்று வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டியில் ஏறியதும் அதைச் சொல்ல முடியவில்லை. குடிலில் ஃபோன் எடுக்காது என்பது டேலுக்குத் தெரியாது. ஹோலிஸ் என்னைக் கூப்பிட்டுச் சரிபார்க்க முடியாது என்று தெரிந்தவள்தான் அந்தப் பொய்யைக் கட்டியிருக்க முடியும்.

பெர்னி வீட்டுக்கு நான் முன்வாசல் வழியாகப் போனதே இல்லை. அன்றும் பின்கதவைத் திறந்து, பூட்ஸைக் கழற்றிவிட்டு, சாஸேஜ் பொட்டலத்தோடு சமையலறைக்குள் நின்றேன். ஏன் அதை எடுத்துப் போனேன் என்று கேட்காதீர்கள். இருக்கையில் கிடந்தது, கை தானாக எடுத்தது. உள்ளே ஜெரியின் அறையிலிருந்து லிஃப்டின் உறுமல் கேட்டது, உடனே பெர்னியின் கத்தல்.

"நிறுத்து! நிறுத்து! இறக்கு அவரை! என்னம்மா நீ, இழுத்துப் பாத்தியா?"

"மாட்டிடுச்சுங்க, பாத்தேனே" என்றது ஒரு இளம்பெண்ணின் குரல்.

"மாட்டின மாதிரி தெரிஞ்சா போதாது. ஒவ்வொரு வளையத்தையும் கையால கீழ இழுத்துப் பாரு. கழண்டா விழுந்து செத்துடுவாரு. திருப்பிச் சொல்லு."

அந்தப் பெண் திருப்பிச் சொன்னாள். பெர்னி மறுபடி சொல்லவைத்தாள். லிஃப்ட் இறங்கியது, பிறகு மறுபடி உறுமித் தூக்கியது.

என் வாக்கியம். எங்கள் வாக்கியம். ஒரு சொல் சிந்தாமல் அவள் வாயில் இருந்தது. ஊருக்கெல்லாம் போகிற கையேட்டிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, தன் வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நிமிஷம் வரை எனக்குக் கோபம்தான் இருந்தது. அதன் பிறகு வந்தது வேறு. அழுகையும் வந்தது, அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும்போலவும் இருந்தது.

அறை வாசலில் போய் நின்றேன். பெர்னி என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, முகம் சுண்டிப்போயிற்று. அந்தப் பெண்ணிடம், "நீ போய்க் காப்பி குடிம்மா" என்று அனுப்பினாள். ஜெரி தூளியில், கட்டிலுக்கு ஒரு சாண் மேலே தொங்கிக்கொண்டிருந்தான்.

"நல்லாச் சொல்லித் தரே" என்றேன். "அதையே நாலு பேருக்கு அச்சடிச்சுக் கொடுக்கக் கசந்துதா?"

"லோர்னா, கத்தாதே. ஜெரி இருக்காரு."

"இருக்கட்டும். அவரும் கேக்கட்டும். நான் எப்படி சம்மதிச்சேன் பெர்னி? மான் மூலமாச் சொல்லியனுப்பினேனா?"

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். "கையேட்டுக்கு ரெண்டு பேர் எதுக்குன்னு மேல கேக்கறாங்களாம். அடுத்த வருஷம் ஒருத்திதான். டேல் நேரா சொல்லல, ஆனா சொன்னான். யார் கூட வேலை பாக்க சுலபமோ அவளைத்தான் வெச்சுப்பாங்க. எனக்கு இந்த வேலை போனா கம்பெனி இன்ஷூரன்ஸ் போச்சு. இன்ஷூரன்ஸ் போனா ஜெரிக்கு மருந்து இல்ல, பயிற்சி இல்ல, இந்தப் பொண்ணு இல்ல. உனக்கு என்ன தெரியும்? உனக்கு நீ ஒருத்தி."

"அப்போ என் வேலையையும் சேர்த்துத்தான் வித்திருக்கே."

அவள் கட்டில் விரிப்பை நீவிவிட்டாள்.

"எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே. 'லோர்னா, நீ விலகிக்கோ, எனக்கு வேணும்'னு சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்டி. மனசாரப் போயிருப்பேன். வேலையைக் கேட்டிருக்கலாம். அந்த வார்த்தையைத்தான் தொட்டிருக்கக் கூடாது. நீ விழுந்தவ, பெர்னி. மெத்தை மேல விழுந்தே. மத்தவங்க வீட்ல யாரு மெத்தை போட்டு வெச்சிருக்காங்க?"

"கேட்டிருந்தா வார்த்தைக்கு ஒத்துக்கிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முழுசா எடுக்கலையே. கடைசிப் பக்கத்துல இருக்கு. பாக்கறவங்க பாப்பாங்க."

இதைச் சொன்னது பெர்னி. குறிப்பு என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எனக்கே சொல்லிக்கொடுத்தவள். நான் இந்த வேலைக்குப் புதிதாக வந்தபோது, குறிப்பு என்பது மனசாட்சிக்குப் போடுகிற போர்வை என்று சொன்னவள். அவள் என் முகத்தைப் பார்த்தே அதைச் சொன்னாள், எனக்குத் தெரியாததுபோல.

"வா, ஹோலிஸ்கிட்டப் போவோம்" என்றேன். "ரெண்டு பேருமா போவோம். பயந்துட்டேன்னு சொல்லு. நான் உன் பக்கத்துல நிக்கறேன். பெட்டிங்க இன்னும் கூடத்துலதான் இருக்கு, நாளைக்குத்தான் லாரி."

நான் நிஜமாகவே சொன்னேன். அவள் எழுந்திருந்தால் அன்றைக்கே நான் மன்னித்திருப்பேன், முட்டாள்தனமாக வெள்ளிக்கிழமை மீனுக்கும் போயிருப்பேன்.

"என்னால முடியாது" என்றாள். "நீ போய்ச் சொன்னா நான் தொலைஞ்சேன். பொய்க் கையெழுத்துன்னு அன்னைக்கே வெளிய தள்ளிடுவாங்க. உனக்குத் தெரியும். சொல்ல மாட்டே. நீ அப்படிப்பட்டவ இல்ல."

என் நட்பின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. அதை நம்பித்தான் கழுத்தை அறுத்திருக்கிறாள்.

அப்போது ஜெரி ஏதோ சத்தம் எழுப்பினான். பக்கவாதத்துக்குப் பிறகு அவனுக்குப் பேச்சு சரியாக வராது. சண்டையில் அவனை இருவருமே மறந்துபோயிருந்தோம். அவன் எங்களைப் பார்க்காமல், நல்ல கையை மெல்ல உயர்த்தித் தலைப்பக்கத்து வளையத்தைப் பிடித்துக் கீழே இழுத்துப் பார்த்தான். பிறகு மற்றதை எட்டப் பார்த்தான், எட்டவில்லை. பெர்னி ஓடிப்போய் அவனுக்காக இழுத்தாள். இழுத்துவிட்டு அவன் நெற்றியைத் தடவினாள். அவள் அவனை நேசிப்பதில் எந்தப் பொய்யும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை.

பொட்டலத்தைச் சமையலறை மேஜையில் வைத்தேன். காப்பி குடித்துக்கொண்டிருந்த பெண், "போறீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன்.

வண்டியில் ஏறினேன், ஆனால் பெர்னி வீட்டு வாசலிலிருந்து நகர்த்தவில்லை. ஒளிந்து செய்ய எனக்கு மனமில்லை. ஜன்னலில் பெர்னி நின்றாள். அவள் பார்க்கும்படியே ஃபோனை எடுத்து ஹோலிஸைக் கூப்பிட்டேன்.

"ஹோலிஸ், லோர்னா வான்டஹே பேசறேன். அந்த லிஃப்டுங்களை நிறுத்துங்க. ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது. வார்த்தையை மாத்தினதுக்கு நான் சம்மதிக்கல. எங்கிட்ட யாரும் கேக்கவே இல்ல."

"லோர்னா, நீங்க சம்மதிச்சதாத்தான் எனக்குச் சொல்லியிருக்காங்க. நிறுத்தணும்னா நான் காரணம் எழுதணும். சும்மா 'யாரோ'ன்னு எழுத முடியாது. யாரு அப்படிச் சொன்னது?"

ஜன்னலில் அவள் தலையை இல்லை இல்லை என்று ஆட்டினாள். கெஞ்சினாளா, நான் செய்வதை நம்ப முடியாமல் ஆட்டினாளா, தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் லிஃப்டின் கம்பி தெரிந்தது. இப்படி ஒரு கம்பிக்குக் கீழே, இழுத்துப் பார்க்கச் சொல்ல ஆளில்லாமல் படுத்திருக்கப்போகிறவர்களை நினைத்துக்கொண்டேன். இல்லையென்றால் என்னால் வாயைத் திறந்திருக்க முடியாது.

"பெர்னடீன் ப்ருசாக்" என்றேன். பழகிய இத்தனை வருஷத்தில் அவளை முழுப்பெயரில் சொன்னது அதுதான் முதல் தடவை.